லியாங் சிச்சாவ் இல்லம், தியான்ஜின்

சீனாவின் தியான்ஜின் நகரில் மின்சூ சாலையை ஒட்டி அமைந்த இரு கட்டடங்களைக் கொண்ட நினைவகம். வரலாற்றறிஞர், இதழாசிரியர், சீர்திருத்தவாதி எனப் பன்முகம் கொண்ட லியாங் சிச்சாவ் (1873–1929) குடும்பத்தோடு வாழ்ந்த வீடு 1914-இல் கட்டப்பட்டது. யின்பிங்ஷி என்னும் படிப்பகம் 1924-இல் எழுந்தது. இரண்டும் இத்தாலியப் பாணியில் அமைந்த மாடிக் கட்டடங்கள்.

குவாங்டொங் மாகாணத்தின் சாகெங் கிராமத்தில் பிறந்த லியாங், காங் யூவெயின் மாணவர். 1898-இல் குவாங்சு பேரரசர் தொடங்கிய சீர்திருத்தங்களுக்குக் குருவும் சீடரும் துணைநின்றனர். 103 நாட்களில் பேரரசித் தாய் சிஷி அதிகாரத்தைக் கைப்பற்றி, சீர்திருத்தவாதிகள் அறுவரைக் கொன்றார். லியாங் தியான்ஜின் வழியாகத் தப்பி, ஜப்பானியப் போர்க்கப்பலில் ஏறி நாட்டைவிட்டு வெளியேறினார். பதினான்கு ஆண்டுகள் ஜப்பானில் கழிந்தன. மன்னராட்சி வீழ்ந்தபின், 1912-இல் அதே தியான்ஜினில்தான் வந்து இறங்கினார்.

வீடு எழுந்த இடம் அப்போது இத்தாலியரின் ஆளுகையில் இருந்தது. சீன அரசின் காவலர்கள் அங்கே நுழைந்து எவரையும் கைது செய்ய முடியாது. அந்நிய ஆதிக்கத்திலிருந்து நாடு மீளவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் எழுதியவருக்கு அந்நியக் கொடியின் நிழலே காப்பாக அமைந்தது. இதை அவருடைய குறையாகச் சொல்வது நியாயமன்று. அன்றைய சீனாவின் நிலை அப்படி இருந்தது. இந்த வீட்டின் வரலாற்று மதிப்பும் அதில்தான் இருக்கிறது.

1915-இல் குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாய் தானே பேரரசராக முனைந்தபோது, அதை எதிர்த்து லியாங் எழுதிய கட்டுரை நாட்டையே உலுக்கியது. அதை வெளியிடாதிருக்க இரண்டு லட்சம் யுவான் தருவதாக ஆள் வந்ததையும் தாம் மறுத்ததையும் அவரே பின்னர் பதிவு செய்திருக்கிறார். அவருடைய மாணவரான தளபதி சாய் எ, தியான்ஜினில் ஆசிரியரோடு கலந்து திட்டமிட்டு, பின் யுன்னான் சென்று டிசம்பரில் கிளர்ச்சியைத் தொடங்கினார். மறு மார்ச்சில் யுவான் முடியாட்சியைக் கைவிட்டார்.

அரசியலிலிருந்து விலகியபின் படிப்பும் எழுத்துமே லியாங்கின் வாழ்வாயின. தியான்ஜினின் நான்காய் பல்கலைக்கழகத்தில் 1921-இல் அவர் ஆற்றிய உரைகள் சீன வரலாற்று ஆய்வு முறை பற்றிய நூலாயின. 1924-இல் அவர் தலைமையிலான சொற்பொழிவுக் கழகத்தின் அழைப்பில் ரவீந்திரநாத் தாகூர் சீனா வந்தார். பெய்ஜிங்கில் நடந்த தாகூரின் பிறந்தநாள் விழாவில் அவருக்குச் சீனப் பெயர் சூட்டியவரும் லியாங்கே.

தந்தையாகவும் அவர் பெரியவர். வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள், படிப்பு, உடல்நலம், மனச்சோர்வு என எல்லாவற்றையும் தோழனின் குரலில் பேசுகின்றன. மூத்த மகன் லியாங் சிசெங் பழைய மரக் கட்டடங்களைத் தேடி ஆராய்ந்து, 857-இல் கட்டப்பட்ட ஃபோகுவாங் கோயில் மண்டபத்தின் காலத்தை 1937-இல் உறுதி செய்தார். இன்னொரு மகன் சியோங் தொல்லியலாளர். கடைசி மகன் சிலி ஏவுகணைப் பொறியாளர். பார்வையாளர்கள் நிதானமாகப் பார்க்கவேண்டியது இந்தக் குடும்ப வரலாறு.

லியாங் பெய்ஜிங்கில் 1929 ஜனவரி 19 அன்று காலமானார். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அவருடைய நூல்கள் பெய்ஜிங்கின் தேசிய நூலகத்துக்குப் போயின. பிற்காலத்தில் பல குடும்பங்கள் குடியேறிச் சிதைந்துபோன தியான்ஜின் வீடு, 2000-க்குப் பின் சீரமைக்கப்பட்டு நினைவகமாகத் திறக்கப்பட்டது. சாகெங்கில் அவர் பிறந்த வீடும் பாதுகாக்கப்படுகிறது.