பீங்கான் கட்டையின் சரித்திரம்

வீட்டில் விளக்கு அணைந்த மாத்திரத்தில் "பீஸ் போய்விட்டது" என்று சொல்லும் வழக்கம், பியூஸ் கட்டை என்னும் வஸ்துவே பெரும்பாலான வீட்டுச் சுவர்களை விட்டு நீங்கி, அதன் ஸ்தானத்தில் வெள்ளை நிற எம்.சி.பி. விசைகள் வரிசையாக அமர்ந்துவிட்ட பின்னரும், நம் நாவை விட்டு நீங்கவில்லை. அதிகாரம் இழந்த மனிதரைப் பற்றி "அவருக்குப் பீஸைப் பிடுங்கிவிட்டார்கள்" என்று பேசிக்கொள்கிறோமே, அந்த வார்த்தையும், பணம் கட்டாத வீட்டின் கட்டையைக் கரண்ட் ஆபீஸ் சிப்பந்தி கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன காட்சியிலிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தான் உருகி வீட்டைக் காப்பதையே தர்மமாகக் கொண்ட பியூஸ் கம்பிக்கு வயது அதிகம். பியூஸ் கட்டைக்கென்று எடிசன் அமெரிக்காவில் பேடண்ட் பெற்றது 1890-இல். சென்னைத் தெருக்களில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியதாயினும், நம் மாகாணத்தின் உட்பகுதி ஊர்களுக்கு மின்சாரம் பரவியது, 1930-களின் தொடக்கத்தில் பைகாராவும், 1937-இல் மேட்டூரும் நீரைக் கொண்டு அதை உற்பத்தி செய்யத் தலைப்பட்ட பிறகே. அவ்விதம் வந்த வெளிச்சத்தோடு, சுவரில் தேக்கு ரீப்பரும், வாசல் நடையில் மீட்டர் பலகையும், அந்தப் பலகையில் பீங்கான் கட்டைகளும் வந்து சேர்ந்தன.

கட்டையின் அமைப்பு மிகவும் எளிது. அடிக்கட்டையின் இரு பித்தளை நாக்குகளுக்கிடையே மேல்கட்டை செருகி நிற்கும். மேல்கட்டையின் இரு திருகாணிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கம்பி ஓடும். 5 ஆம்பியர் பிரவாகத்துக்கு 0.2 மில்லிமீட்டர், 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர் கனமுள்ள ஈயம் பூசிய செம்புக் கம்பி என்பது சாஸ்திரம். ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கம்பி உருகும்போது சாஸ்திரத்தை யார் தேடுகிறார்கள்? குடும்பத் தலைவர் மெழுகுவத்தியைப் பையன் கையில் கொடுத்துவிட்டு, பழைய ஒயர்த் துண்டு ஒன்றின் உறையைப் பல்லால் கடித்து உரித்து, உள்ளிருக்கும் செம்பு இழைகளை உருவி எடுப்பார். அந்த இழை ஒன்று ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் கனமே இருந்தபடியால், ஓர் இழையோடு நிறுத்திக்கொண்டவர், தாம் அறியாமலே, விதிப்படி நடந்தவராவார். அடிக்கடி எழுந்துபோக அலுத்துக்கொண்டு நாலைந்து இழைகளைச் சேர்த்து முறுக்கியவரோ, கட்டையை வைத்துக்கொண்டே காவலை நீக்கியவர். நானும் அந்தக் குற்றத்தைச் செய்தவன்தான். எங்கள் கட்டை அதன் பிறகு ஒருநாளும் உருகவில்லை, அடுக்களைச் சுவரில் ஓடிய கம்பிதான் கருகியது. அமெரிக்கர்களும், திருகிப் பொருத்தும் தங்கள் பியூஸின் அடியில் ஒரு செம்புக் காசை வைத்து இதே காரியத்தைச் சாதித்துவந்தார்கள் என்று அறிந்தபோது, என் மனம் ஒருவாறு சமாதானமடைந்தது.

இதைவிடச் சூக்ஷ்மமான அபாயம் ஒன்று பழைய பலகைகளில் இருந்தது. மின்சாரம் வரும் பேஸ் ஒயருக்கு ஒன்றும் அது திரும்பும் நியூட்ரல் ஒயருக்கு ஒன்றுமாக இரண்டு கட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நியூட்ரல் கட்டையின் கம்பி மட்டும் உருகினால் விளக்குகள் அணைந்துபோகும், ஆனால் ஒயரில் உயிர் அப்படியே இருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரில் கை வைத்தவர் அதற்கு விலை கொடுத்தார். நியூட்ரலில் தனியாகப் பியூஸ் கூடாதென்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் கூறின. பழைய பலகைகள் விதிகளைப் படித்ததாகத் தெரியவில்லை.

உருகாமலே அறுத்துக்கொள்ளும் எம்.சி.பி. என்னும் விசையை, ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் தொழில் நடத்திய ஹூகோ ஸ்டாட்ஸ் என்பவரின் ஸ்தாபனம் 1924-இல் பேடண்ட் செய்தது. ஆரம்பத்தில் அது, பியூஸைத் திருகும் அதே குழியில் திருகிக்கொள்ளும்படி அமைந்திருந்தது. வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு, பாரம் மெல்ல அதிகரிக்கும்போது வளைந்து கொக்கியை விடுவிக்கும்; ஒயர்கள் ஒன்றோடொன்று மோதிப் பிரவாகம் திடீரென்று பாய்ந்தாலோ, தகடு சூடேறும்வரை காத்திராமல், மின்காந்தச் சுருள் க்ஷணத்தில் அந்த வேலையை முடிக்கும். 5 ஆம்பியர் பியூஸ் கம்பி உருகுவதற்கு ஏறத்தாழ இருமடங்கு பிரவாகம் வேண்டும், இன்றைய எம்.சி.பி.யோ, அதன் அளவுக்கு 1.45 மடங்கு பாய்ந்தாலே ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிட வேண்டும் என்பது நியதி. நம் வீடுகளுக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வந்தபின், பழுது பார்த்தல் என்னும் பேச்சே எழாமல் போயிற்று. ரிவெட் அடித்து மூடிய அந்தப் பெட்டிக்குள் நாம் முறுக்குவதற்கு ஏதுமில்லை. உள்முனைகள் கருகியோ, விசை நில்லாமல் விழுந்தோ போனால், மெயினை அணைத்து, பழையதை அது பற்றியிருக்கும் உலோகப் பட்டையிலிருந்து கழற்றி, புதியதை மாட்டித் திருகாணிகளை அழுந்த முடுக்கவேண்டியதுதான். திருகாணி தளர்ந்திருந்தால் அந்த இடமே சூடேறி, நல்ல எம்.சி.பி.யும் கெட்டுப்போகும் என்பதை வயர்மேன்கள் அறிவார்கள். ஆனால் "அடிக்கடி டிரிப் ஆகிறது" என்று முறையிடும் வீட்டுக்காரருக்கு, உள்ளே ஓடும் ஒயரின் கனத்தைப் பாராமல், 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் மாட்டிக் கொடுக்கும் சாமர்த்தியசாலிகளும் இல்லாமலில்லை. நாலு இழை முறுக்கிய குற்றம் இப்பொழுது கடையில் ரசீதோடு கிடைக்கிறது.

பீங்கான் கட்டை முற்றிலும் மறைந்ததென்றும் சொல்வதற்கில்லை. அடுக்குமாடிக் கட்டிடங்களின் கீழ்த்தளத்தில், மீட்டர்களுக்குப் பக்கத்தில், தூசி படிந்த கட்டைகளைப் பல இடங்களில் இன்னும் காணலாம். சித்திரை மாதத்து இரவில் எல்லா வீட்டு ஏ.ஸி.யும் ஒருசேர ஓட, அந்தக் கட்டை ஒன்று 'பட்'டென்று போய்விடும்போது, மேலே எம்.சி.பி.க்கள் எல்லாம் நிமிர்ந்தபடியே இருக்க, குடியிருப்போர் செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லைன்மேன் கம்பியை முறுக்குவதைச் சூழ நின்று பார்க்கிறார்கள்.