பாம்பன் பாலமும் துருவும்



பனிக்கட்டி உருகினால் மறுபடி உறைய வைக்கலாம்; அது இயற்பியல் மாற்றம். இரும்பு துருப்பிடித்தால் அது வேறு பொருளாகிவிடுகிறது. அது வேதியியல் மாற்றம். வகுப்பில் நான் நடத்திய இந்தப் பாடத்துக்குப் பாம்பன் பழைய ரயில் பாலத்தின் சரித்திரமே நல்ல எடுத்துக்காட்டு.

1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பாலம் அது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1964 டிசம்பர் புயலில் கர்டர்கள் பல கடலுக்குள் போயின. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில், விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி பொருத்தி, 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். கடலில் கிடந்தாலும் அது இரும்பாகவே இருந்தது.

துருவிடம் அது நடக்காது. இரும்போடு ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து நீரேறிய இரும்பு ஆக்சைடு ஆகிறது. உப்புக் காற்று அதை வேகப்படுத்துகிறது. துரு பொருக்காக உதிர, உள்ளே இருக்கும் இரும்பும் அரிக்கப்படுகிறது. உதிர்ந்ததை எடுத்து ஒட்ட முடியாது.

சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்த ஊழியர்களால்தான் பாலம் நூறாண்டு தாண்டியது. கடைசியில் தூக்குப் பகுதி அரிப்பால் பலவீனமாகி, 2022 டிசம்பரில் ரயில் நின்றது. ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 6-இல்தான் புதிய பாலம் வந்தது.

புயலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அடுத்த முறை அந்தக் கடலைத் தாண்டும்போது, பெயின்ட் அடித்தவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.