அரக்கு நீக்கி எத்தனை கழஞ்சு?

அறந்தாங்கியில் எங்க அப்பத்தாவோட கல் அட்டிகையைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தப்போ பெரிய சண்டை. "எட்டுப் பவுன்"னு அத்தை சொன்னாங்க. பத்தர் கல்லையும் அரக்கையும் எடுத்துட்டு நிறுத்தார்: ஆறரை. நடுவுல யாரோ கை வச்சுட்டாங்கன்னு பேச்சு போச்சு. எழுதி வைத்த துண்டுச் சீட்டு ஒன்றுகூட இல்லை.

அதற்கப்புறம்தான் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை வேறு கண்ணோடு படித்தேன். முதலாம் இராஜராஜன் தானும் தன் அக்கன் குந்தவையும் தேவியரும் மற்றவரும் கொடுத்ததைக் கல்லில் வெட்டச் சொன்னது தன் 26ஆம் ஆட்சியாண்டில். சேர, பாண்டியரை வென்று கொண்டுவந்த பண்டாரத்திலிருந்து செய்த நகைகளும் அதில் உண்டு.

எடை போட்ட விதத்தைப் பாருங்கள். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்ற எடைக்கல், நகைக்குத் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்ற தனிக்கல். 2 குன்றி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. கழஞ்சு இன்றைய கணக்கில் சுமார் 5 கிராம். சரடு, சட்டம், செப்பாணி, அரக்கு, பிஞ்சு இவற்றில் எது எடையில் சேர்ந்தது, எது நீக்கப்பட்டது என்பதையும் எழுதியிருக்கிறார்கள். எங்க வீட்டுச் சண்டையே அந்த அரக்கில்தானே!

கல் பதித்த நகையில் கல்லுக்கு அடியில் அரக்கு வைத்து, சுற்றிலும் பொன்னை அழுத்தி இறுக்குவது பழைய முறை. வெளியே பார்த்தால் அத்தனையும் பொன் மாதிரி தெரியும். எடையை ஏமாற்ற வசதியான இடமும் அதுதான்.

முத்துகளையும் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, சப்பத்தி, சிவந்த நீர், குளிர்ந்த நீர் என்று பிரித்து எண்ணியிருக்கிறார்கள். மாணிக்கத்தில் வெண்புள்ளி, குழி இருந்தால் அதுவும் பதிவாகியிருக்கிறது. சாமிக்குக் கொடுத்ததன் குறையை ஏன் இப்படி ஊரறியச் சொல்ல வேண்டும்? எனக்குத் தோன்றுவது இதுதான்: நல்ல கல் எல்லாம் ஒன்று போலிருக்கும், குறைதான் ஒரு கல்லுக்கு அடையாளம். நாளைக்கு ஒருவன் கல்லை மாற்றி வைத்தால் அந்தக் குழியே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த நகைகளில் ஒன்றும் நம் கைக்கு வந்து சேரவில்லை. செய்த தட்டார்களின் கைவண்ணத்தை இன்று நாம் அறிவது, பெரும்பாலும் இந்தக் கணக்கெழுத்து வழியாகத்தான்.

இப்போ வீட்டில் ஒரு நோட்டு போட்டிருக்கேன். கல் எத்தனை, எதில் விரிசல், அரக்கோடு எவ்வளவு, அரக்கு நீக்கி எவ்வளவு. அத்தை மட்டும் இன்னும் பேசவில்லை.