துப்பாக்கி வார்

துப்பாக்கி வார் என்பது மஸ்கட், ரைபிள் போன்ற நீண்ட துப்பாக்கிகளில் பூட்டப்படும் தோல் அல்லது நெசவுப் பட்டை ஆகும். துப்பாக்கியைச் சுமப்பது, சுடும்போது அசையாமல் தாங்குவது என இதற்கு இரண்டு வேலைகள் உண்டு. எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தே வாரின் வகையும் நீளமும் அமைகின்றன. திருச்சிராப்பள்ளியின் வரலாற்றில் இவ்விரண்டையும் காணலாம்.

கர்நாடகப் போர்க் காலம்

1751-52இல் முகமது அலியும் ஆங்கிலேயரும் காத்துநின்ற திருச்சிக் கோட்டையைச் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் முற்றுகையிட்டனர். பின்னர் திருவரங்கத்துக்குப் பின்வாங்கிய பிரெஞ்சுப் படை, 1752 ஜூனில் அங்கு சரணடைந்தது. அக்கால ஆங்கிலேய மஸ்கட் ஏறத்தாழ 4.5 கிலோ எடை கொண்டது. அதன் தோல் வார், நெடுந்தூர நடையில் பாரத்தைக் கையிலிருந்து தோளுக்கு மாற்றியது. மஸ்கட்டின் குழல் உட்புறம் வழவழப்பானது. குறி துல்லியமாக அமையாது. எனவே வார் பெரும்பாலும் சுமப்பதற்கே பயன்பட்டது.

படைக்கலத் தொழிற்சாலை

குழலின் உட்புறம் சுருள் வரிகள் வெட்டப்பட்ட ரைபிள் பரவியதும் துல்லியம் கூடியது. திருச்சிக்கு அருகே நவல்பட்டுப் பகுதியில் 1966இல் படைக்கலத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. இன்சாஸ் ரைபிளும், 'திருச்சி அசால்ட் ரைபிள்' எனப்படும் 7.62 மி.மீ. ரைபிளும் இங்கு தயாரிக்கப்பட்டவை. படைவீரரின் வார், தோளில் மாட்டவும் உடனே கழற்றவும் ஏற்ற அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். அடிக்கட்டை மடியும் ரைபிளில் வாரின் பின்முனை அடிக்கட்டையிலேயே இருந்தால், மடித்ததும் வார் தொய்ந்துவிடும். ஆகவே இரு நிலையிலும் நீளத்தைச் சரிபார்ப்பது அவசியம்.

விளையாட்டில்

2022 ஜூலையில் 47ஆவது தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி திருச்சியில் நடைபெற்றது. பன்னாட்டு விதிகளின்படி, ரைபிள் போட்டியில் வார் 40 மி.மீ. அகலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. படுத்தும் மண்டியிட்டும் சுடும்போது வார் பயன்படுத்தலாம். நின்று சுடும்போது கூடாது. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே. தசை விரைவில் களைத்து நடுங்கும். எலும்பும் வாரும் தாங்கினால் நடுக்கம் குறையும்.

வலக்கைக்காரர் வாரை இட மேற்கையில் மாட்டி, குண்டில்லாத ரைபிளில் அளவு பார்க்க வேண்டும். கை தளர்ந்த நிலையிலும் ரைபிள் சரியாமல் நின்றால் நீளம் சரி. விரல்கள் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம். குறிமுள் நாடித்துடிப்புக்கு ஏற்பத் துள்ளினால், வாரை மேற்கையில் சற்று இடம் மாற்றவோ தளர்த்தவோ வேண்டும்.