ஒரு கிளச்சுக்கு எத்தனை பேர்?

ஹட்டன் பக்கம் எந்த கராஜுக்குப் போய் "பாஸ், கிளச் மாத்த எவ்வளவு வரும்?" என்று கேட்டாலும் விலை உடனே வராது. முதலில் ஒரு கேள்விதான் வரும்: "என்ன வாகனம்?" பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்னொன்றும் வரும்: "சாமான் இருக்கா?" இந்த இரண்டு கேள்விக்குள்ளும் மலையகத்தின் வரலாறு கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அதுக்கு முதல் ஒரு அளவுகோல் வேண்டும். ரூபாயில் சொன்னால் சரிவராது, ரூபாய் நிலையாக நிற்கிற சாமான் இல்லை. தோட்டத்தில் நமக்கென்றே ஒரு அலகு இருக்கிறது: "பேர்". ஒரு நாள் வேலை செக்ரோலில் பதிந்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். புத்தகம் வாங்குவது, ஆஸ்பத்திரிக்குப் போவது, கல்யாணம் பண்ணுவது எல்லாவற்றையும் நம்ம வீடுகளில் இத்தனை நாள் சம்பளம் என்றுதான் கணக்குப் பார்த்திருக்கிறோம். கிளச்சையும் அப்படியே பார்ப்போம்.

கிளச்சும் மேடும்

எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்போது சக்கரம் நிற்கவும் வேண்டும், நகரவும் வேண்டும். இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும்தான் கிளச்சின் வேலை. எஞ்சினின் பின்புறம் சுற்றும் பிளைவீல், அதோடு ஒட்டி இரண்டு பக்கமும் லைனிங் பதித்த ஒரு பிளேட், அந்தப் பிளேட்டை ஸ்பிரிங் பலத்தால் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ரிலீஸ் பெயாரிங் போய் அழுத்தத்தை விடுவிக்கும், பிளேட் தனியாகும்.

பழைய தேயிலை பெக்டரியைத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. கூரைக்கடியில் ஒரே ஒரு நீள ஷாஃப்ட் சுற்றும். ரோலரை ஓட்ட வேண்டுமென்றால், சும்மா சுற்றும் கப்பியிலிருந்து ரோலரோடு பிணைந்த கப்பிக்கு பெல்ட்டைத் தள்ளுவார்கள். அதுவும் ஒரு வகைக் கிளச்தான்.

கிளச் தேய்வது முழுக்கப் பிடிக்கும்போதோ முழுக்க விடும்போதோ இல்லை. பாதி பிடித்து வழுக்கும் அந்த நேரத்தில்தான் லைனிங் சூடாகித் தேயும். சமதரையில் அது ஒரு நொடியில் முடிந்துவிடும். மேட்டில் அப்படியில்லை. கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே. றம்பொடை வழியாக ஏறினாலும், கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறினாலும், வளைவில் எதிரே பஸ் வரும், நிற்க வேண்டும், மேட்டில் மறுபடி எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிளேட்டில் கொஞ்சம் கரையும். பெடலில் காலை வைத்தபடியே ஓட்டுகிற பழக்கம் இருந்தால் பெயாரிங்கும் சேர்ந்து போகும்.

இதே மேட்டை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டப்போட்டி 1934 இல் தொடங்கியது. ஒவ்வொரு காராக, நின்ற இடத்திலிருந்து கிளம்பி மேட்டில் நேரத்துக்கு எதிராக ஓட வேண்டும். கிளச்சுக்கு இதைவிடக் கொடுமை வேறு இல்லை.

ரோட்டை வெட்டியவர்கள், காரை ஓட்டியவர்கள்

அந்த ரோடுகள் கார்களுக்காக வெட்டப்பட்டவை அல்ல. கோப்பியைக் கீழே இறக்குவதற்கும் அரிசியை மேலே ஏற்றுவதற்கும் வெட்டப்பட்டவை. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் காட்டை அழித்தார்கள், தோட்டம் போட்டார்கள், பாதைகளில் கல் உடைத்தார்கள். ரயில் 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் வந்தது. கார் அதற்குப் பிறகு, துரைமாரோடு வந்தது.

துரை பங்களாவின் கார் செட்டில் நின்றவை பெரும்பாலும் சாதாரணக் கார்கள்தான். ஆனால் இளம் துரைமாருக்கு வேகத்தில் ஆசை. எம்.ஜி., பிறகு ட்ரையம்ப், ஒஸ்டின்-ஹீலி போன்ற இரண்டு சீட் கார்கள் இந்தத் தீவுக்கு வந்தது அந்த ஆசையால்தான். அவை பெரிய பணக்காரக் கார்கள் அல்ல. சாதாரணக் காரின் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் கொஞ்சம் மாற்றி, இலேசான உடம்புக்குள் வைத்தவை. அதனால்தான் இங்கே உள்ள பாஸ்மாரால் அவற்றைத் திருத்தவும் முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவெடுத்தது. அந்த வருஷங்களில் பங்களாவில் நின்ற காருக்கு இந்த நாட்டின் பதிவு இலக்கம் இருந்தது. அந்தக் காரைக் கழுவித் துடைத்தவருக்கு இந்த நாட்டில் பதிவே இல்லை.

சாமான் வராத காலம்

1960களின் தொடக்கத்தில் நாட்டில் அந்நியச் செலாவணி குறைந்து, கார் இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டார்கள். 1970 முதல் 1977 வரை அது இன்னும் இறுகியது. 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசிடம் போயின, வெள்ளைக்காரத் துரைமாரின் காலமும் முடிந்தது. ஆட்கள் போனார்கள், கார்கள் தங்கிவிட்டன. புதுசு வராது, உதிரிப்பாகமும் இலேசில் வராது. இருப்பதை ஓட வைக்க வேண்டும்.

ஓட வைக்கும் கை எங்கிருந்து வந்தது? தேயிலைக்கும் கோப்பிக்கும் இயந்திரம் வந்த நாளிலிருந்தே அதைத் திருத்தும் கையும் இங்கே வளர்ந்தது. பிரவுண் அண்ட் கொம்பனி 1875 இல் தொடங்கியது கொழும்பில் அல்ல, ஹட்டனில்தான், தோட்டங்களுக்கான சின்னப் பொறியியல் வேலைத்தளமாக. வாக்கர்ஸ் கொம்பனியின் தொடக்கமும் 1854 இல் கோப்பி இயந்திரங்களோடுதான். பெக்டரியில் பெல்ட் மாட்டவும், புஷ் கடையவும், ஷாஃப்ட் நேராக்கவும் பழகிய கைகளுக்கு ஒரு எம்.ஜி. கியர்பொக்ஸ் பெரிய மர்மம் இல்லை.

கிளச்சுக்கு அவர்கள் செய்தது எளிமையான வேலை. பிளேட்டைத் தூக்கிப் போடுவதில்லை. தேய்ந்த லைனிங்கின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, புது லைனிங்கை வைத்து, மறுபடி ரிவெட் அடித்து, உயரம் சரியா என்று பார்த்து மாட்டுவது. இன்றைக்கும் கிளச், பிரேக் லைனிங் அடிக்கும் கடைகள் நம்ம டவுன்களில் இருக்கின்றன. உடைந்த துண்டு வேண்டுமென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்த் தேடுவார்கள்.

இந்த மலிவுக்கு இன்னொரு விலையும் இருந்தது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. கிளச் கூட்டைத் திறந்து உள்ளே இருக்கும் கறுப்புத் தூசைக் காற்றால் ஊதுவதும், லைனிங்கைத் தேய்த்து மட்டம் பண்ணுவதும் அந்தத் தூசை நேராக நுரையீரலுக்கு அனுப்பும். அஸ்பெஸ்டஸ் எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று உறுதியான விஷயம். நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் அது யாருடைய பில்லிலும் ஏறவில்லை. கராஜில் வேலை செய்கிற தம்பிமார் பழைய வாகனத்தின் கிளச்சைத் திறந்தால் ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். முகத்துக்கு நல்ல மாஸ்க் போடுங்கள்.

பில்லை இரண்டாகப் பிரித்தால்

இப்போது கணக்கு. ஒரு எம்.ஜி.பி.யை எடுப்போம், 1962 முதல் 1980 வரை செய்த கார். இதில் கிளச் மாத்த எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். அதே காலத்து ட்ரையம்ப் ஸ்பிட்பயரில் எஞ்சினைத் தொடத் தேவையில்லை. சீட்டைக் கழற்றி, நடுவில் உள்ள மூடியை எடுத்து, கியர்பொக்ஸைக் காரின் உள்பக்கமாகவே இறக்கலாம். வெளியே பார்க்க ஒரே மாதிரிக் கார்கள், கிளச் வேலை மட்டும் வேறு வேறு. "என்ன வாகனம்?" என்று பாஸ் கேட்பது இதனால்தான்.

எஞ்சினை ஒரு தடவை தூக்கிவிட்டால் பிளேட்டை மட்டும் மாற்றி மூடுவது மடத்தனம். பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் (எம்.ஜி.பி.யில் அது உருளைகள் இல்லாத கார்பன் வளையம்), ஒயில் சீல் எல்லாவற்றையும் அப்போதே பார்க்க வேண்டும். பிளைவீலின் முகம் கீறியிருந்தால் கடைய வேண்டும். கேட்ட விலையும் கடைசியில் வரும் பில்லும் ஒன்றாக இல்லாததற்கு ஏமாற்று மட்டும் காரணம் இல்லை.

எம்.ஜி.பி.க்கு பிளேட், பிரஷர் பிளேட், பெயாரிங் மூன்றும் சேர்ந்த கிட் இங்கிலாந்தில் சுமார் 120 ஸ்டெர்லிங் பவுண் என்று வைப்போம். அங்கே கராஜில் பத்து மணி நேர வேலை, மணிக்கு 70 பவுண் என்று பிடித்தால் கூலி மட்டும் 700 பவுண். சாமானைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அங்கே கிளச் மாத்துவது செலவு என்றால், அது மனுசக் கைக்கான செலவு.

இங்கே தலைகீழ். பாஸின் கூலி சாமான் விலையைத் தாண்டினால் அது அதிசயம். கப்பல் செலவும் வரியும் சேர்ந்தால் சாமான் இன்னும் ஏறும். அதனால்தான் "சாமான் இருக்கா?" என்ற இரண்டாவது கேள்வி.

இனி அந்த 120 பவுணைப் பேராக மாற்றுவோம். கப்பலும் வரியும் வேண்டாம், கிட்டின் விலையும் மாறவில்லை என்றே வைப்போம்.

2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1,000 ரூபாயானது. அந்த வருஷம் பவுண் சுமார் 275 ரூபாய். கிட் 33,000 ரூபாய், அதாவது 33 பேர்.

2022 மே. டொலர் இரண்டே மாதத்தில் 200 ரூபாயிலிருந்து 360 பக்கம் போய்விட்டது. பவுண் சுமார் 450. சம்பளம் அதே 1,000. கிட் 54 பேர்.

2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. 2025 நடுப்பகுதியில் பவுண் சுமார் 400. கிட் 48,000 ரூபாய், 36 பேருக்குக் கொஞ்சம் குறைவு. மேலதிகக் கொழுந்துக்கான கொடுப்பனவை இதில் சேர்க்கவில்லை.

போராடி, கூட்டம் போட்டு, வழக்குப் பேசிச் சம்பளம் 35 வீதம் கூடியது. அதற்குப் பிறகும் 2025 இல் இந்தக் கிட் 2021 ஐ விட இரண்டு மூன்று நாள் தூரத்தில்தான் நின்றது. அதே 2025 இல் இங்கிலாந்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண். அந்தக் கூலி வாங்குகிறவர் இதே கிட்டைப் பத்து மணி நேரத்துக்கும் குறைந்த வேலையில் வாங்கிவிடலாம்.

யாருக்கு இந்தக் கணக்கு?

"கொழுந்தெடுக்கிற அம்மா எம்.ஜி. காருக்கா கிளச் வாங்கப் போறாங்க?" என்று கேட்பீர்கள். வாங்கப் போவதில்லைதான். ஆனால் அவருடைய மகனின் த்ரீவீலுக்கும் கிளச் இருக்கிறது, அந்தப் பிளேட்டும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. தோட்டத்தை விட்டு கராஜுக்குப் போகிற பையனுக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று தீர்மானிப்பது பக்கத்துத் தோட்டத்தின் நாள் சம்பளம்தான். ஒரு பேர் மலிவாக இருக்கும்வரை அவன் கூலியும் மலிவாக இருக்கும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் இலங்கையில் இவ்வளவு நாள் உயிரோடு இருப்பதற்கு அவற்றை நேசித்தவர்களின் ஆர்வம் ஒரு காரணம். அந்த ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை, அந்தக் கார்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் எஞ்சினை இரண்டு தடவை தூக்கி இறக்கினாலும் கூலி கட்டுப்படியாகிறது என்பதும் ஒரு காரணம். தேயிலை இவ்வளவு காலம் மலிவாகக் கிடைத்ததற்கும் இதே காரணம்தான்.

மலையேற்றப் போட்டிகளின் பழைய முடிவுப் பட்டியல்களில் ஓட்டியவர் பேர் இருக்கும், காரின் பேர் இருக்கும், எத்தனை நொடி என்பதும் இருக்கும். முதல் நாள் இரவு விளக்கு வெளிச்சத்தில் கிளச் மாட்டியவரின் பேர் இருக்காது. உங்கள் வீட்டில், லயத்தில், டவுனில் பழைய பாஸ் யாராவது இருந்தால் போய்ப் பேசுங்கள். எந்தத் துரையின் எந்தக் காரைத் திறந்தார், லைனிங்குக்கு என்ன பண்ணினார், எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். போனில் பதிவு பண்ணி வையுங்கள். செக்ரோலில் விழாத பேர்களை நாம்தான் எழுத வேண்டும்.