பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள்

வாணியம்பாடியில் என் ஒலிப்பதிவு அறைக் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்றில் விண்டோஸ் 7, இன்னொன்றில் விண்டோஸ் 10. பழையதை இன்னும் அழிக்கவில்லை.

கணினி மாறினால் பழைய பதிவுகள் திறக்காமல் போகுமோ என்ற அச்சம் எங்கள் தொழிலில் இன்று நேற்று வந்ததல்ல. 2002-ல் ஜெர்மனியின் ஈமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. அந்நிறுவனத்தின் லாஜிக் இசை மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு அதோடு நின்றுபோனது. 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவில் 32 பிட் மென்பொருள் எதுவும் ஓடவில்லை. பழைய பிளகின்கள் ஊமையாயின. 2020 ஜனவரி 14-ல் விண்டோஸ் 7-க்கான ஆதரவும் முடிந்தது.

விண்டோஸ் 10-க்கு மாறும் முன், முதலில் பழைய டிஸ்க்கை முழுசாக நகலெடுத்தேன். ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே வேவ் கோப்பாக்கினேன். அப்படிச் செய்தால் எந்த மென்பொருளில் அடுக்கினாலும் தாளம் பிசகாது. ஆடியோ இன்டர்ஃபேஸுக்குப் புது டிரைவர் இருப்பதை உறுதிசெய்த பிறகே, தனி டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஏற்றினேன்.

சோதித்துப் பார்க்க நான் திறந்தது, மறைந்த பெரியவர் ஒருவர் பாடிய உருது நாத், அதாவது நபிகள் புகழ்ப்பாடல். முதல் சொல்லுக்கு முன் அவர் மூச்சிழுக்கும் சத்தம் அப்படியே கேட்டது. கண் கலங்கிவிட்டது.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-இன் முறையும் வந்தது. மூன்றாவது டிஸ்க் வாங்கிவிட்டேன். அந்த மூச்சு அதிலும் கேட்க வேண்டும்.