நெருப்பில்லாமல் புகையுமா? சித்தியார் அளவையில் ஒரு பழமொழிக்குரிய இடம்

பழமொழிகளை அளவை நூல்களோடு ஒப்பிட்டு ஆராய்வோரிடையே ஒரு கொள்கை ஏறக்குறைய முடிந்த முடிபாகவே வழங்கிவருகிறது. 'நெருப்பில்லாமல் புகையாது', 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்', 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது', 'மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது' ஆகிய நான்கும், அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாத ஒன்றைத் துணியும் அநுமானச் செயலையே வெவ்வேறு உவமைகளால் கூறுவன என்பதும், அவற்றுள் தலைமையாகிய நெருப்புப் பழமொழி, சிவஞான சித்தியார் சுபக்கத்து அளவைப் பகுதியில் அருணந்தி சிவாசாரியார் அமைத்த காரிய ஏதுவின் பாமர வடிவமே என்பதும் அக்கொள்கையின் இரு கூறுகள். முதற் கூற்றைப் பின்னர்ச் சிறிது தொடுவேன். இரண்டாம் கூறே இக்கட்டுரையின் விஷயம். புகை, அனல் என்னும் இரண்டும் ஈரிடத்தும் வருதல் பற்றி அவ்விரண்டையும் ஒன்றாக்கியது, அதே செய்யுளில் அப்பழமொழிக்கு உண்மையில் ஒத்து நிற்கும் வேறோர் உதாரணத்தை நம் கண்ணினின்றும் மறைத்துவிட்டது என்பது என் துணிபு.

ஏது மூன்று என வகுக்கும் செய்யுளை எடுத்துக்கொள்வோம். இயல்பு, காரியம், அநுபலத்தி என அவற்றை நிறுத்தி, மாவென்பது மரமென்பதைக் காட்டுதலை இயல்பிற்கும், புகை அனலைக் காட்டுதலைக் காரியத்திற்கும், குளிரின்மை பனியின்மையைக் காட்டுதலை அநுபலத்திக்கும் ஆசிரியர் உதாரணமாக்குகிறார். இம்முப்பகுப்பு நையாயிகருக்கு உரியதன்று. பௌத்த தார்க்கிகராகிய தர்மகீர்த்தி தம் நியாயபிந்துவில் நிறுவிய ஸ்வபாவம், காரியம், அநுபலப்தி என்னும் பகுப்பே அது. பரபக்கத்தில் பதினான்கு மதங்களை எடுத்து மறுக்கும்போது, சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் எனப் பௌத்தர் நால்வரையும் தனித்தனியே நிறுத்தி மறுத்த அருணந்தியார், சுபக்கத்தில் தமக்குரிய அளவையை அமைக்கும்போது அவர்களுடைய ஏதுப் பகுப்பைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார். ஒருவர் கொள்கையை மறுப்பதனால் அவர் கண்ட கருவியையும் எறிந்துவிட வேண்டுவதில்லை என்னும் இப்பெருந்தன்மை, நம் காலத்து வாதங்களில் அரிதாகிவிட்ட ஒன்று ஆதலின், விஷயத்திற்குச் சிறிது புறம்பாயினும் இங்கே குறித்துச் செல்கிறேன்.

காரிய ஏதுவின் போக்கு யாது? மலையிற் புகையைக் காண்கிறான் ஒருவன். புகை அனலின் காரியமாதலை முன்பே அறிந்தவன் அவன். ஆதலின் மலையில் அனல் உண்டெனத் துணிகிறான். உள்ளதொன்று உள்ளதொன்றைக் காட்டுகிறது. தொடக்கமும் முடிவும் இரண்டும் உண்மைப் பொருள்கள். பழமொழியோ இன்மையிலிருந்து தொடங்குகிறது. நெருப்பு இல்லையாயின் புகை இல்லை என்று, காரணத்தின் இன்மையைக் கொண்டு காரியத்தின் இன்மையை அது கூறுகிறது. இவ்வமைப்பை அச்செய்யுளின் இரண்டாம் உதாரணத்தில் அன்று, மூன்றாம் உதாரணத்திலேயே காண்கிறோம். குளிர் இல்லையாயின் பனி இல்லை என்பதும், நெருப்பு இல்லையாயின் புகை இல்லை என்பதும், பொருளால் வேறாயினும் நியாயத்தால் ஒன்றே. குளிரைப் பனிக்குக் காரணமாகக் கொள்ளாமல், பனியினும் அகன்று நிற்கும் வியாபகமாகக் கொள்ளுதலும் கூடும் என்பதை மறுக்கவில்லை. அவ்வாறு கொள்ளினும் ஓர் இன்மை மற்றோர் இன்மையைக் காட்டுகிறது என்பதில் மாற்றமில்லை. நியாயபிந்துவை நோக்குவோர்க்கோ அவ்வையத்திற்கும் இடமில்லை. அநுபலப்தியைப் பதினொரு வகையாக விரிக்கும் அந்நூல், காரணாநுபலப்தி என்னும் வகைக்கு எடுத்துக்கொண்ட உதாரணமே, நெருப்பில்லாமையால் இவ்விடத்தில் புகையில்லை என்பது. நம் பழமொழி எந்தப் பகுதியில் வைக்கத் தக்கது என்பதை, அதனை அறியாத ஒரு தார்க்கிகர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தம் நூலில் காட்டிவைத்திருக்கிறார்.

இதற்கு எழக்கூடிய வலிய ஆக்ஷேபம் ஒன்று உண்டு. அதனை அலட்சியம் செய்தல் நேர்மையாகாது. அநுமானத்தைத் தன்பொருட்டு, பிறர்பொருட்டு எனப் பிரித்துப் பிறர்பொருட்டாகிய உரை அந்நுவயத்தாலும் வெதிரேகத்தாலும் நிகழும் என்று சித்தியாரே கூறுகிறதன்றோ? 'புகையுள்ள இடத்தில் அனல் உண்டு, அடுக்களை போல' என்பது அந்நுவயம். 'அனலில்லாத இடத்தில் புகையில்லை, நீர்நிலை போல' என்பது வெதிரேகம். ஆகவே பழமொழி காரிய ஏதுவின் வெதிரேக வாக்கியமேயன்றி அநுபலத்தியன்று என்பர். இவ்வாக்ஷேபத்தின் பாதியை நான் ஏற்கிறேன். பழமொழியைத் தனியே எடுத்தால் அது வெதிரேக வியாப்தி ஒன்றையே கூறுகிறது என்பது உண்மை. ஆனால் வியாப்தி மட்டும் அநுமானம் ஆகாது. தர்க்க நூலார் வெதிரேகம் கூறுமிடத்துப் பக்கமாகிய மலை முன்னரே நிறுத்தப்பட்டிருக்கிறது. அம்மலையில் புகை உண்டென்பது வாதிக்கும் பிரதிவாதிக்கும் உடன்பாடு. வெதிரேகம் அதன்பின் உறுதி கூட்ட வருகிறது. பழமொழியிலோ பக்கமும் இல்லை, பக்கத்தில் ஏது உண்டென்னும் உடன்பாடும் இல்லை. அவ்விரண்டையும் அதனை எடுத்தாளுகிறவனே கூட்டிக்கொள்கிறான். எனவே அப்பழமொழி எந்த ஏதுவிற்கு உரியதென்பதை அதன் சொற்களை மட்டும் பார்த்து முடிவு செய்தல் இயலாது. யார், எதை நிறுவ, அதனை எடுத்தாளுகிறார் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அவ்வாறு பார்க்குமிடத்து ஒரு வியப்பான நிலை தோன்றுகிறது. கடலூர்க் கடைத்தெருவிலாயினும், சிதம்பரத்துக் கீழவீதித் திண்ணையிலாயினும், இப்பழமொழி பெரும்பாலும் ஒருவர்மேல் எழுந்த ஊர்ப்பேச்சை மெய்யென்று நாட்டுவதற்கே எடுக்கப்படுகிறது. 'நெருப்பில்லாமல் புகையுமா?' என வினாவடிவில் வருவதும் அதனாலேயே. கேட்பவன் 'புகையாது' என்று விடை கூறியவுடனே குற்றம் நிறுவப்பட்டுவிட்டதாக முடிகிறது. இங்கே புகையென்று வைக்கப்பட்டது யாது? கண்ணாற் கண்ட ஒரு பொருளன்று. பலர் வாயில் நிகழும் ஒரு சொல். அச்சொல் அனலின் காரியந்தானா, அன்றிப் பகைமையின் காரியமா, பொழுதுபோக்கின் காரியமா என்பது இன்னும் நிச்சயிக்கப்படவில்லை. 'ஊர்வாயை மூட உலைமூடி இல்லை' என்று அதே மக்கள் வேறிடத்தில் கூறுவர் என்பதை மறத்தலாகாது. ஏது ஐயத்திற்குரியதாக இருக்கவே அதனைக் கொண்டு சாதிக்கும் இக்குற்றத்திற்கு மணிமேகலையின் 29 ஆம் காதை சித்தாசித்தம் எனப் பெயரிட்டு, ஆவியோ பனியோ என்று ஐயம் தீராத ஒன்றைப் புகையென்று கொண்டு நெருப்பைத் துணிவதை அதற்கு உதாரணமாகக் கூறுகிறது. பழமொழியை எடுத்தாண்டு குற்றம் சாட்டுபவன் இழைக்கும் பிழை, இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு காலத்திற்கு முன்பே, இதே புகை உவமையைக் கொண்டு தமிழில் எடுத்துக்காட்டப்பட்டிருக்கவும், அப்பழமொழியை நல்லநுமானத்திற்கு மாதிரியாக நாம் வகுப்பறையில் கற்பித்து வருவது வருந்தத்தக்கது.

சித்தியாரும் இவ்விடத்தில் நமக்குத் துணை நிற்கிறது. முன் கண்ட தொடர்பால் நாற்றம் கொண்டு மலரை அறிதலைப் பூர்வக்காட்சி அநுமானம் என்று கூறும் அந்நூல், ஒருவனுடைய சொல்லைக் கொண்டு அவனுடைய அறிவின் அளவை உணர்தலைக் கருதலநுமானம் எனத் தனியே வகுக்கிறது. இதனை நேர்மையாகப் பின்பற்றினால், ஊர்ப்பேச்சிலிருந்து நாம் முதலில் துணியத்தக்கது பேசப்பட்டவனுடைய செயலையன்று, பேசுகிறவனுடைய அறிவையே. அவ்வறிவு மெய்யறிவு என்பது வேறு பிரமாணத்தால் தெளிந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம். பழமொழியோ இரு படிகளையும் ஒரே தாவில் கடந்துவிடுகிறது.

இனி, இதே பழமொழியைக் குற்றம் சாட்டப்பட்டவன் எடுத்தால் யாது நிகழும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நெருப்பில்லை என்பதை அவன் நேரே அறிவான். காரணம் இல்லாமையைக் கொண்டு, நீங்கள் காண்பது புகையன்று, மூடுபனி என்று அவன் கூறினால், அதுவே பழமொழியின் சொல்லமைப்பிற்கு முற்றும் பொருந்திய, குற்றமற்ற அநுபலத்தி ஆகும். வடிவத்தால் இப்பழமொழி நிரபராதியின் கருவி. வழக்கத்தால் அது அவனுக்கு எதிராகத் திருப்பப்பட்டிருக்கிறது. எதிர்மறையைத் திருப்பிப் போட்டாலும் நியாயம் ஒன்றுதானே என்று கணித முறையில் கேட்பவர்க்கு நான் கூறுவது இவ்வளவே: நியாயம் ஒன்றாயினும் நிறுவும் கடமை யார்மேல் விழுகிறது என்பது ஒன்றன்று; வாதத்தில் அக்கடமையே பெரும்பகுதி.

இப்பழமொழி அளவை நூலிலிருந்து மக்கள் வழக்கிற்கு இறங்கியது என்றும், மெய்கண்டார் தோன்றிய பெண்ணாடமும், அருணந்தியாரின் திருத்துறையூரும், 1313 இல் சங்கற்ப நிராகரணம் இயற்றிய உமாபதி சிவத்தின் கொற்றவன்குடியும் தென்னார்க்காட்டுப் பகுதியிலேயே அமைந்திருத்தல் அதற்குச் சான்று என்றும் கூறுவாருளர். சித்தியாருக்கு உரை கண்ட அறுவருள், தில்லையிலிருந்த மறைஞான சம்பந்தரின் மாணாக்கர் மறைஞான தேசிகரும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியினின்று வந்து சிதம்பரத்தில் தம் பெயரால் இன்றும் வழங்கும் குளத்தை அமைத்த ஞானப்பிரகாசரும் இந்நிலத்தோடு தொடர்புடையவரே. தென்னார்க்காட்டின் இக்கல்விப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. எனினும் தமிழ்நாடு முழுதும் வழங்குவதும், ஆங்கிலத்திலும் இதே எதிர்மறை வடிவில் வழங்குவதுமாகிய ஒரு வாக்கியத்திற்கு ஒரு மாவட்டத்தில் பிறப்பிடம் தேடுதல் வீண்முயற்சி.

ஏனைய மூன்றையும் பற்றி ஒருசில கூறுவேன். சோற்றுப் பழமொழி வடநூலார் ஸ்தாலீபுலாக நியாயம் என்பதனோடு ஒப்பது. அது ஒன்றைக் கொண்டு அதன் இனத்தைத் துணிவது. ஒரே பானை, ஒரே உலை, ஒரே அரிசி என்னும் நிபந்தனையைத் தன்னுள்ளேயே வைத்திருப்பது. 'ஒரு பானை' என்பதை நீக்கிவிட்டால் அப்பழமொழியே இல்லை. ஆதலால் நான்கனுள் மிகவும் எச்சரிக்கை வாய்ந்தது இதுவே என்பேன். காக்கையும் பனம்பழமும் அநுமானத்தைக் கூறவேயில்லை. காகதாலீய நியாயம் என வழங்கும் அது, இரு நிகழ்ச்சிகளும் உண்மையாயிருக்க, அவற்றிடையே காரண காரிய சம்பந்தத்தை மறுப்பது. மொட்டைத் தலையும் முழங்காலும் அதனினும் ஒருபடி மேற்சென்று, முடிச்சிடுதற்கு மயிரே இல்லாமையைக் காட்டிச் சம்பந்தம் நிகழ்தற்கே இடமில்லை என்கிறது. துணிபைக் கூறுவன இரண்டையும், துணிபைத் தடுப்பன இரண்டையும் ஒரே தலைப்பில் அடுக்குதல், மருந்தையும் பத்தியத்தையும் ஒன்றென்பதற்கு நிகர்.

ஆங்கிலத்தார் இவ்விஷயத்தில் வழங்கும் தொடர்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. இரண்டோடு இரண்டைக் கூட்டுதல் என்று அவர்கள் கூறும்போது, கூட்டினால் நான்கைத் தவிர வேறு விடை இல்லை என்னும் உறுதி அதில் அடங்கியிருக்கிறது. தவறாகத் துணிந்தவனை ஐந்து கண்டவன் என்று அவர்கள் பழிப்பதும் அதனாலேயே. புள்ளிகளை இணைத்தல் என்று கூறும்போது அவ்வுறுதி இல்லை. நம் பெண்மக்கள் மார்கழி வைகறையில் இடும் ஒரே புள்ளி வரிசையிலிருந்து பல கோலங்கள் எழுதல் கூடும். தர்க்க நூலார் மொழியிற் கூறினால், முன்னது வியாப்தி சித்தித்த இடம். பின்னது அதனை நாமே படைத்துக்கொள்ளும் இடம். இவ்விரண்டும் ஒரே பொருளன என்று ஆங்கிலப் பாடநூல்கள் அருகருகே அடுக்குவதைப் பார்க்கிறோம். நம் பழமொழிகளுக்கு நேர்ந்ததும் அதுவே.

இவ்வளவு நுணுகி ஆராய்வது எதற்கு என்று கேட்பின், அதற்குக் காரணம் உண்டு. அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதாதலின் அதனைத் தொழிற்படுத்தும் ஒருவன் உளன் என்று சிவஞான போதத்து முதற் சூத்திரம் நிறுவுவதும், சித்தியார் அதனையே குடத்தையும் குயவனையும் காட்டி விரித்து வாதிப்பதும் காரிய ஏதுவையே ஆதாரமாகக் கொண்டவை. அவ்வேதுவில் உலகம் காரியம் என்பது ஐயத்திற்கிடமின்றி முதலில் நிறுவப்படுகிறது. உலகாயதரும் பிறரும் அதனை மறுக்கவே, அம்மறுப்பிற்கு விடை கூறிய பின்னரே ஆசிரியர் அடுத்த அடி எடுத்து வைக்கிறார். காரிய ஏதுவும் ஊர்வம்புப் பழமொழியும் ஒன்றே என்று கூறுவோர், தாம் பழமொழியை உயர்த்துவதாக எண்ணுகின்றனர். உண்மையில் சைவ சித்தாந்தத்தின் முதல் நிலைப்பாட்டையே ஐயுற்ற புகையின்மேல் நிறுத்துகின்றனர். அருணந்தியார் புகையை இரண்டாமிடத்திலும் பனியை மூன்றாமிடத்திலும் பிரித்து வைத்தது அவ்விரண்டும் கலவாமைப் பொருட்டே என நான் கொள்கிறேன். அறுவர் உரையையும் இந்நோக்கில் ஒருமுறை மீண்டும் பயில்வது இனி இத்துறையில் இறங்குவோர்க்கு உரிய முதல் வேலை.